மதிப்பெண்ணும் ஆட்டத்திறனும்: நுண்ணறிவுத் தேர்வு பற்றிய ஓர் அறவியல் வினா (மாஹிம் – தாராவிச் சூழலை முன்வைத்து)

முன்னுரை

மும்பை மாஹிம் தொடர்வண்டி நிலையத்தின் நடைமேம்பாலம் இருவேறு வாழ்நிலைகளை இணைத்து நிற்பது. மேற்கே இறங்கினால் மக்தூம் அலி மாஹிமியின் தர்காவும் தூய மைக்கேல் தேவாலயமும் நூற்றாண்டு கண்ட ஆங்கிலப் பள்ளிகளும் அமைந்த மாஹிம். கிழக்கே இறங்கினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலையும் கூலி வேலையையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி அது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கு உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் கிழக்குப்புறச் சிறுவர்கள் பலர் பந்தோடு பாலத்தைக் கடந்து மேற்கே செல்வர். 1925இல் மாஹிம் பூங்கா என்னும் பெயரில் திறக்கப்பெற்று, 1927இல் சிவாஜி பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்ற திடல் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. மட்டைப்பந்தின் புகழ்பெற்ற அத்திடல் மழைக்காலத்தில் சேறும் கால்பந்துமாக மாறிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பில் தவறிய மாணவர்க்குத் தாராவியில் மாலை நேரத்தில் தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளர்க்குக் கிட்டியது. அவர்களுள் ஒருவர் நடுக்களத்தில் ஆடும் இளைஞர். பந்து தம்மிடம் வருவதற்கு முன்பே அது அடுத்து யாரிடம் செல்லவேண்டும் என்பதை அறிந்திருந்தவர் போல் ஆடுவார். கணக்குப் பாடத்தில் இருமுறை தவறியிருந்தார். கால்பந்து அணியை நடத்திவந்த ஒரு நிறுவனத்தின் ஆட்டத்தேர்வுக்குச் சென்றார். ஆட்டம் நன்று என்றும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இன்றிப் பணியில் சேர்க்க இயலாது என்றும் சொல்லித் திருப்பி அனுப்பினர். மறுநாள் அவருடைய தாயார் வந்து கேட்ட வினா இது: “அப்போ எம் புள்ளைக்கு அறிவு இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா, சார்?”

அன்று விடை கூற இயலவில்லை. விளையாட்டு வீரரின் எதிர்காலத்தை அறிவுத்தேர்வின் மதிப்பெண் தீர்மானிக்கலாமா என்பது உளவியலார் ஆராயும் வினாவாக மட்டும் கருதப்பட்டு வந்துள்ளது. ‘அறிவு’ என்னும் சொல்லுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு உடைய மொழியின் மாணவர்க்கும் அவ்வினாவில் உரிமை உண்டு என்னும் எண்ணமே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

சொல்லும் பொருளும்

தமிழ் உளவியல் பாடநூல்கள் நுண்ணறிவு, நுண்ணறிவு ஈவு என்னும் கலைச்சொற்களை ஆள்கின்றன. ஈவு என்பது வகுத்தலில் கிடைக்கும் எண். மன வயதை உடல் வயதால் வகுத்து நூறால் பெருக்கிய பழைய முறையின் நினைவு அச்சொல்லில் தங்கியுள்ளது. இன்றைய தேர்வுகள் அவ்வாறு வகுப்பதில்லை; ஒருவருடைய மதிப்பெண்ணை அவரொத்த வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டே எண்ணைத் தருகின்றன. ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. அச்சொல்லோடு, அறிவு என்பது வகுத்துக் காணக்கூடிய ஒற்றைப் பொருள் என்னும் எண்ணமும் நிலைத்துவிட்டது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் பகுக்கும் முறை இவ்விடத்தில் நினையத்தக்கது. புல்லும் மரமும் ஓரறிவுயிர். அவற்றின் அறிவு தொடுவுணர்ச்சி. அதன்மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி எனப் படிப்படியாகச் சேர்ந்து, ஆறாவதாக மனம் சேர்கிறது. இப்பகுப்பை உயிரியல் முன்னோடி எனப் போற்றும் கட்டுரைகள் பல வந்துள்ளன. அப்பெருமிதம் இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று. கருதத்தக்கது சொல்லாட்சியே. உடலால் தொட்டுணர்வதையும் ஆசிரியர் ‘அறிவு’ என்றே வழங்குகிறார். ஆறாவது அறிவு வந்து சேரும்போது முதல் ஐந்தும் நீங்குவதில்லை. அவற்றோடு கூடியே ஆறு எனப்படுகிறது. மனத்தின் அறிவு உயர்ந்தது என்பது அவர் கருத்தாகலாம். உடலின் அறிவு அறிவே அன்று என்பது அவர் கருத்து அன்று. பந்தின் சுழற்சியைப் பாதத்தின் விளிம்பால் உணர்ந்து, அதன் விசையைத் தணித்துத் தன்வயப்படுத்தும் ஆட்டக்காரரின் செயலுக்கு ‘அறிவு’ என்னும் சொல்லைத் தர மறுப்பது தமிழ் மரபுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

திருக்குறளின் அமைச்சு அதிகாரம் மதிநுட்பத்தையும் நூலறிவையும் இரண்டாகக் கூறுகிறது. பரிமேலழகர் முன்னதை இயற்கை என்றும் பின்னதைச் செயற்கை என்றும் பிரித்துக் காட்டுவார். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை இன்றைய தேர்வு முறைகளும் கொள்கையளவில் ஏற்கின்றன. இடர்ப்பாடு நடைமுறையில்தான் எழுகிறது. எழுத்துத் தேர்வு எதுவாயினும் முதலில் நூலறிவைக் கடந்துதான் மதிநுட்பத்தை எட்டவேண்டும். வினாவைப் படித்தல், அம்மொழியில் பழகியிருத்தல், குறித்த நேரத்துள் விடையைக் குறித்தல் ஆகிய யாவும் பள்ளி தந்த பழக்கங்கள்.

இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட பினே–காமத் தேர்வு 1930களில் அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாடில் வி. வி. காமத் என்பவரால் கன்னடத்திலும் மராத்தியிலும் அமைக்கப்பட்டது. பிரெஞ்சு மொழியில் பிறந்து, அமெரிக்காவில் ஆங்கில வடிவம் பெற்ற தேர்வை நம் சிறுவர்க்கு ஏற்ப மாற்றியமைத்த அரிய முயற்சி அது. ஆயினும், வீட்டில் தமிழும் தெருவில் பம்பாய் இந்தியும் பள்ளியில் மற்றொன்றும் பேசும் தாராவிச் சிறுவரின் அறிவை எம்மொழியில் அளப்பது என்னும் வினா அப்படியே நிற்கிறது.

1958: அளவுகோலும் ஆட்டக்களமும்

கால்பந்து வரலாற்றில் இவ்வினா நேருக்கு நேர் எழுந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1958ஆம் ஆண்டு சுவீடனில் நடைபெற்ற உலகக் கோப்பைக்குச் சென்ற பிரேசில் அணியினர், ஜொவாவ் கார்வல்யாயிஸ் என்னும் உளவியலாரை உடன் அழைத்துச் சென்றனர். ஆட்டக்காரர்களை மனித உருவம் வரையச் செய்தும் வினாக்கள் கேட்டும் அவர் மதிப்பிட்டார். அப்போது 17 வயதினராக இருந்த பெலே சிறுபிள்ளைத்தனம் உடையவர், போர்க்குணம் அற்றவர், களமிறக்கத் தகாதவர் என்பது அவர் முடிவு. கரிஞ்சாவையும் ஆடவிடலாகாது என்று அவர் பரிந்துரைத்தார். பயிற்றுநர் விசென்டே பெயோலா அம்முடிவைக் கேட்டுக்கொண்டார், ஆனால் பின்பற்றவில்லை. உளவியலார்க்குக் கால்பந்து தெரியாது என்பதும், முழங்கால் நலமானால் பெலே ஆடுவார் என்பதும் அவருடைய மறுமொழியின் சாரம். பெலேயே இதனைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான ஆட்டத்தில் இருவரும் களமிறங்கினர். பிரேசில் 2–0 என வென்றது. இறுதியாட்டத்தில் சுவீடனை 5–2 என வென்றபோது பெலே இரு கோல்கள் அடித்தார். பிரேசிலின் முதலிரு கோல்களுக்கும் வலப்புறமிருந்து பந்தை அனுப்பியவர் கரிஞ்சா.

இந்நிகழ்ச்சியை உளவியலாரை எள்ளி நகையாடுதற்கே பலரும் எடுத்தாள்வர். அது முறையன்று. கார்வல்யாயிஸ் தம் கருவி எதனைக் காட்டியதோ அதனைச் சொன்னார். மனித உருவம் வரைவதில் பெலேயின் கை குழந்தைக் கையாக இருந்திருக்கலாம். அக்கண்டறிதலில் பிழை இல்லாமலும் இருக்கலாம். பிழை, வரைவிலிருந்து ஆட்டத்துக்குத் தாவிய தாவலில் உள்ளது. அத்தாவலைத் தடுத்தவர் பந்தோடு ஆட்டக்காரர்களைப் பல நாள் நேரில் கண்டவர்.

தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களை வள்ளுவர் ஏன் தனித்தனியே வைத்தார் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு விளக்கமாக அமைகிறது. முன்னது ஆளைத் தேர்தல். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கால் சோதித்தல் அவ்வதிகாரத்தில் பேசப்படுகிறது. பரிமேலழகர் இவற்றை உபதை எனப் பெயரிட்டு விரிப்பார். நான்கும் ஒருவரின் நேர்மையையும் உறுதியையும் நிகழ்ச்சிகளுக்குள் வைத்துப் பார்ப்பவை. தாளில் விடை எழுதச் செய்யும் தேர்வு அங்கு இல்லை. பின்னது, தேர்ந்த ஆளைச் செயலில் ஈடுபடுத்தல். எவ்வளவுதான் ஆராய்ந்து தெளிந்தாலும், செயலில் இறங்கிய பின்னர் அச்செயலின் இயல்பால் வேறொருவராக மாறிவிடுவோர் பலர் என்னும் கருத்து இவ்வதிகாரத்தில்தான் வருகிறது. தேர்வு முறையை இவ்வளவு விரித்துக் கூறிய ஆசிரியரே அதன் எல்லையையும் உடனே கூறுவது வியப்புக்குரியது. உரையாசிரியர்கள் இதனை ஆட்சி பெற்றோர் திரிதல் என்னும் எச்சரிக்கையாகவே கொள்வர். ஆயினும் அக்கருத்தை எதிர்த்திசையிலும் கொள்ள இடமுண்டு: சோதனையில் தாழ்ந்து நின்றவர் செயலில் உயர்ந்து விளங்குவதும் ஒரு திரிபே.

அமெரிக்கக் கால்பந்தில் மதிப்பெண்

பிரேசில் ஒருமுறை செய்து பார்த்ததை அமெரிக்கர் ஐம்பதாண்டுக் காலம் நிறுவன வழக்கமாக நடத்தினர். அவர்கள் கால்பந்து என்பது நாம் ஆடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடுவது. ஒவ்வோர் ஆட்ட நகர்வும் முன்னரே வரையப்பட்ட திட்டப்படி நிகழ்வதால், அதற்கு மூளை வேண்டும் என்னும் எண்ணம் அங்கு வலுவாக வேரூன்றியது. 1930களில் எல்டன் வொண்டர்லிக் என்பவர் பணியாளர் தேர்வுக்காக அமைத்த வினாத்தாளை, 1970களில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்றுநர் டாம் லாண்ட்ரி ஆட்டக்காரர்க்கும் தந்தார். பிற அணிகளும் பின்பற்றின. 50 வினாக்கள், 12 மணித்துளிகள். ஆண்டுதோறும் இளைஞர்களைத் தெரிவுசெய்யும் முகாமில் ஓட்ட வேகம், தாண்டும் உயரம் ஆகியவற்றோடு இம்மதிப்பெண்ணும் ஒருங்கே குறிக்கப்பட்டது. 2022இல் அம்முகாமிலிருந்து இத்தேர்வு நீக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தின் பதிவுகள் சுவையானவை. 1975இல் தெரிவான பாட் மக்கினலி 50க்கு 50 பெற்றவர் என அறியப்படுகிறார்; தேர்ந்த ஆட்டக்காரராகவே விளங்கினார். ஆனால் பதினைந்தை ஒட்டிய மதிப்பெண் பெற்றதாகக் கூறப்படும் டான் மரினோ, அவ்விளையாட்டின் மிகச் சிறந்த பந்தெறிநர்களுள் ஒருவராகப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். லயன்ஸ், ஹாஃப்மன், மிஷெல் என்னும் ஆய்வாளர் மூவர் எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களின் மதிப்பெண்ணையும் ஆட்டப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை எனக் கண்டது. சில நிலைகளில் ஆடுவோரிடம் தொடர்பு எதிர்த்திசையில் இருந்தது. வொண்டர்லிக் தேர்வை அடுத்து வந்த எஸ்2 என்னும் கணினித் தேர்விலும் கதை மாறவில்லை. 2023இல் சி. ஜே. ஸ்ட்ரவுட் என்னும் இளைஞரின் தாழ்ந்த மதிப்பெண் செய்தித்தாள்களில் கசிந்தது. அவ்வாண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் என்னும் விருதை அவரே பெற்றார்.

இவற்றைக் கொண்டு அறிவுக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லை என முடிவு கட்டுவது பிழையாகும். முகாமுக்கு வந்து சேர்வோர் பல்லாண்டுகளாகப் பல வடிகட்டல்களைக் கடந்தவர்கள். அவர்களுக்குள் எஞ்சியிருக்கும் சிறு வேறுபாடுகளைக் கொண்டு பொதுவான தொடர்பை மறுக்க இயலாது. முதுகலைத் தமிழில் சேர்ந்த மாணவர்க்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் ஆய்வுத்திறனுக்கும் தொடர்பைத் தேடுவது போன்றது அது. (விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வின் கொள்குறி வினாக்களுக்கும் வகுப்பறையில் ஒரு சங்கப்பாடலைத் திறந்து காட்டும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை நம் துறையினர் எவரேனும் ஆராய்ந்தால் நலம். இக்கட்டுரையாளர் அதில் கலந்துகொள்ள விரும்பவில்லை.) மேலும், சுவீடனில் வெஸ்ட்பெரி முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், உயர்பிரிவுக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சில மனச்செயல் தேர்வுகளில் கீழ்ப்பிரிவினரைவிடவும் பொதுமக்களைவிடவும் சிறந்து நின்றனர். அம்மதிப்பெண் பின்னர் அவர்கள் அடித்த கோல்களோடும் தொடர்புற்றிருந்தது. அவை பள்ளிக்கணக்கும் சொற்பொருளும் கேட்கும் தேர்வுகள் அல்ல. விதிகளுக்கு உட்பட்டு விரைந்து புதியன படைத்தல், செய்துகொண்டிருப்பதைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளல் போன்றவற்றை அளப்பவை. அத்திறன் ஆட்டத்தைத் தந்ததா, ஆட்டம் அத்திறனைத் தந்ததா என்பது வேறு வினா.

ஆகவே தொடர்பு உண்டா இல்லையா என்பதோடு வினா நின்றுவிடாது. ஒரு தேர்வு ஓரளவு முன்னறிவிக்கும் என்றே கொள்வோம். அப்போதும், செயலை நேரே காண வழியுள்ள இடத்தில் செயலுக்குப் பதிலியாகிய எண்ணைக் கொண்டு ஒருவரை விலக்குவது அறமாகுமா? கிணற்றில் நீர் உண்டா என அறிய நிலத்தடி நீரோட்டம் பார்ப்பது இயல்பு. வெட்டிய கிணற்றில் நீர் ததும்பி நிற்கும்போதும் நீரோட்டம் பார்ப்பவரை என்னென்பது? கால்பந்து திறந்தவெளியில், பலர் காண நிகழ்வது. மருத்துவரின் திறனையோ நீதிபதியின் நடுநிலையையோ முன்கூட்டி நேரில் காண்பது அரிது. அங்குப் பதிலித் தேர்வுக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆட்டக்காரர்க்கு அந்நியாயம் பொருந்தவில்லை.

இந்திய மட்டைப்பந்திலும் இதன் உடல்சார் வடிவத்தைக் கண்டோம். 2018ஆம் ஆண்டு ஐபிஎல் போட்டியில் சென்னை அணிக்காக 602 ஓட்டங்கள் குவித்த அம்பட்டி ராயுடு, யோ–யோ என்னும் ஓட்டத் தேர்வில் தேறாமையால் இங்கிலாந்துப் பயணத்துக்கான இந்திய ஒருநாள் அணியிலிருந்து நீக்கப்பட்டார். உடற்தகுதி ஆட்டத்தின் ஒரு கூறு என்பதால் இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. எனினும் ஓர் எண் 602ஐ வென்றது.

எண் ஆளைத் தொடர்தல்

மதிப்பெண்ணால் வரும் கேடு வாய்ப்பு மறுக்கப்படுவதோடு முடிவதில்லை. அது ஆளைத் தொடர்ந்து செல்கிறது. முதல் உலகப் போரின்போது, 1917 முதல் அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 17 லட்சம் பேர்க்கு ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு நுண்ணறிவுத் தேர்வுகள் நடத்தப்பட்டன. ஆல்ஃபா படித்தவர்க்கு, பீட்டா எழுத்தறியாதவர்க்கும் ஆங்கிலம் அறியாதவர்க்கும். ஆல்ஃபா வினாக்களுள் ஒன்று, புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தந்து அவர் எழுத்தாளரா, ஓவியரா, ஆட்டக்காரரா, நகைச்சுவை நடிகரா எனக் கேட்டது. பீட்டாவில் டென்னிஸ் களத்தின் படம் ஒன்று. அதில் விடுபட்டது வலை எனக் கண்டு வரையவேண்டும். இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ புதிதாக வந்திறங்கிய உழவர் டென்னிஸ் களத்தை எங்கே கண்டிருப்பார்? ஸ்டீபன் ஜே கோல்ட் 1981இல் எழுதிய நூலில் இத்தேர்வுகளை விரிவாகத் திறனாய்ந்தார். விளையாட்டை அறியாமையே அறிவின்மையாகக் கணக்கிடப்பட்ட காலமும் இருந்தது. அம்மதிப்பெண்கள் பின்னர்க் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தவேண்டும் என வாதிட்டோர்க்குச் சான்றாயின.

இதனினும் கொடிய நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. தலையில் பலமுறை அடிபட்டு மூளைநலம் குன்றிய முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்க்கு இழப்பீடு வழங்க ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அறிவுத்திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அளக்கும்போது, கறுப்பின வீரர் தொடக்கத்திலேயே குறைந்த நிலையில் இருந்திருப்பர் எனக் கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தும் முறை கையாளப்பட்டது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் வெள்ளையர் இழப்பு அடைந்தவராகவும், கறுப்பர் இயல்பாகவே அவ்வாறு இருந்தவராகவும் கணிக்கப்பட்டனர். கெவின் ஹென்றி, நஜே டாவன்போர்ட் என்னும் முன்னாள் வீரர் இருவர் 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2021இல் அம்முறையைக் கைவிட நிறுவனம் இசைந்தது. திருத்திய ஏற்பாட்டுக்கு 2022இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. தம் உடலை ஆட்டத்துக்குத் தந்தவரிடம், ‘உம்மிடம் இழப்பதற்கு அறிவு முன்னரும் இருந்ததில்லை’ என ஒரு வாய்பாடு சொல்லிற்று. தாராவித் தாயார் அஞ்சியதும் இதனையே.

மாஹிமின் நிலைமை

இந்தியக் கால்பந்தில் நுண்ணறிவுத் தேர்வு இல்லை. எனவே வினாவே எழாது எனச் சிலர் கருதலாம். பெயர்தான் இல்லை. மும்பைக் கால்பந்தை நெடுங்காலம் தாங்கியவை நிறுவன அணிகள்: இரயில்வே, ஏர் இந்தியா, வங்கிகள், காவல்துறை, செம்பூரில் உள்ள ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்ட்டிலைசர்ஸ் முதலியன. அங்கே கால்பந்து என்பது மாதச் சம்பளமும் ஓய்வுக்கால உறுதியும் உடைய வேலைக்கு வழி. தனியார் தொழில்முறை அணிகளின் நிலையோ நிலையாமைக்கு எடுத்துக்காட்டு. 2005–06இல் தேசிய லீக் வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. 2014இல் பெரும் விளம்பரத்தோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், உரிமை ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் ஒத்திவைக்கப்பட்டபோது, சில அணிகள் ஆட்டக்காரர்களின் ஊதியத்தையே நிறுத்திவைத்தன. ஏழைக் குடும்பத்து இளைஞர் நிறுவன வேலையை நாடுவது எத்துணை நியாயமானது என்பதை இவை காட்டும்.

அந்த வேலைக்குரிய வாயிலில் சான்றிதழ் நிற்கிறது. இரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் தொடக்கநிலைப் பணிக்குப் பத்தாம் வகுப்பு அல்லது தொழிற்பயிற்சித் தேர்ச்சி. எழுத்தர் நிலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் பட்டம். வயது 18 முதல் 25 வரை. ஆட்டத்துக்கும் விளையாட்டுச் சாதனைக்குமே மதிப்பீட்டில் பெரும்பங்கு என்பது உண்மைதான். ஆனால் சான்றிதழ் இல்லாதவர் அம்மதிப்பீட்டுக்குள்ளேயே நுழைய இயலாது. வொண்டர்லிக் தேர்வில் தாழ்ந்த மரினோவுக்குக் களம் மறுக்கப்படவில்லை. ஓர் அணி அவரைத் தெரிவு செய்தது. நம் வாயிலில் அந்த நெகிழ்ச்சிகூட இல்லை.

இதற்கு மறுப்பாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதனைப் புறந்தள்ள இயலாது. நிறுவனம் ஆட்டக்காரரை ஆட்டத்துக்காக மட்டும் அமர்த்துவதில்லை. முழங்கால் தளர்ந்த பின்னர் அவர் இருபத்தைந்து ஆண்டுகளேனும் அலுவலகத்திலோ பணிமனையிலோ வேலை செய்யவேண்டும். படிக்கத் தெரியாதவரைச் சேர்ப்பது அவருக்கே தீங்காகும். மேலும், சான்றிதழை விலக்கிவிட்டால் பள்ளியைக் கைவிடும் சிறுவர் பெருகுவர். கால்பந்தில் வெல்பவர் ஆயிரத்தில் ஒருவர் எனின், எஞ்சியோர் கல்வியும் ஆட்டமும் இன்றி நிற்பர். இவ்வாதத்தைத் தாராவிப் பெற்றோர் அனைவரும் அறிவர். ‘பந்தை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா’ என அவர்கள் கேட்பது அறியாமையால் அன்று.

இவ்வாதம் கல்வி வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கல்வி கிட்டாத குறையை இளைஞரின் தலையில் சுமத்தவேண்டும் என்பதைக் காட்டவில்லை. நடைமேம்பாலத்தின் மேற்குப்புறத்தில் படிக்கும் மாணவர் கணக்கில் தடுமாறினால் தனி ஆசிரியர் வருவார். கிழக்குப்புறத்தில் பத்துக்குப் பத்து அடி அறையில் ஐவரோடு வாழ்ந்து, விடியலில் தண்ணீர் பிடித்து, வீட்டின் மொழி வேறு தேர்வின் மொழி வேறாகப் படிக்கும் மாணவரின் கணக்கு மதிப்பெண், அவரைப் பற்றி எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவு அவர் பள்ளியைப் பற்றியும் தெருவைப் பற்றியும் கூறும். ஆல்ஃபிரட் பினே 1905இல் தம் முதல் தேர்வை அமைத்த நோக்கம், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்பதைக் கண்டறிவதே. விலக்கும் கருவியாக அது மாறியது பின்னர்.

வடசென்னை வியாசர்பாடியை இங்கு ஒப்புநோக்கலாம். அங்கிருந்து கால்பந்து வழியே உயர்ந்தவர்களுள் சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களம் ஆடிய தன்பால் கணேஷ் நன்கு அறியப்பட்டவர். அப்பகுதியில் சேரிச் சிறுவர்க்குக் கால்பந்துப் பயிற்சியளிப்போர் ஆட்டத்தோடு மாலைப் படிப்பையும் சேர்த்தே நடத்தி வந்துள்ளனர். பள்ளிக்குச் செல்லாத பிள்ளையைப் பந்து பள்ளிக்கு இழுத்து வருவது அங்கே நிகழ்ந்துள்ளது. படிப்பு ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு ஆகவில்லை. ஆட்டம் படிப்புக்கு வழியாயிற்று. மும்பைத் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் பொருளில் ஒரு பங்கேனும் இத்தகைய முயற்சிக்குச் செல்லுமாயின் நன்று என்பது இக்கட்டுரையாளரின் தனிப்பட்ட விழைவு.

நிறுவனங்கள் செய்யக்கூடியதும் கடினமானதன்று. ஆட்டத்தேர்வில் தேறியவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குள் சான்றிதழ் பெறவேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். கணக்கு அங்குக் கட்டாயப் பாடம் அன்று. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பயிற்சி முடிந்த மாலையில் ஓர் ஆசிரியரை அமர்த்துவதற்கு ஆகும் செலவு, அணியின் காலணிச் செலவைவிட மிகுதியாகாது.

மேலே கூறிய இளைஞர் அவ்வழியில்தான் படித்தார். ஆனால் ஆதரவின்றி, இரவில் தோல் பை தைக்கும் பட்டறை வேலைக்கு இடையே படித்ததால் ஐந்து பாடங்களை முடிக்க ஆண்டுகள் பல ஆயின. தமிழில் 78 மதிப்பெண். சான்றிதழ் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 26. அதனைக் காட்டுவதற்குத் தம் தாயாரோடு வந்திருந்தார். அவ்வம்மையார் மதிப்பெண் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர், இதைக் கொண்டு இப்போது எந்த அணியில் சேர்ப்பார்கள் என்று கேட்டார்.